செனி பாடத்தில் எழுத்துத் தாள்: புள்ளி எங்கே போகுது?



எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளைகளிடம் எந்தப் பாடம் கவலையாக இருக்கிறது என்று கேட்டால், கணக்கு என்பார்கள், வரலாறு என்பார்கள். காட்சிக்கலைக் கல்வியை, அதாவது நாம் எல்லாரும் ‘செனி’ன்னு சொல்லுற பாடத்தை, ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "செனிதானே அண்ணா, அது கையில இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

கிள்ளானில் வார இறுதியில் இந்தப் பாடத்துக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் பலர் அருமையாக வரைவார்கள். தைப்பூசத்துக்குக் காவடி அலங்காரம், கோயில் திருவிழாவுக்குப் பதாகை, பொங்கலுக்குக் கோலம், எல்லாம் அவர்கள் கைவேலைதான். வரைந்த படத்துக்கு நல்ல புள்ளி வாங்குவார்கள். எழுத்துத் தாள் திரும்பி வரும்போதுதான் முகம் சுருங்கும். ஏ வாங்க வேண்டிய பிள்ளை பி, சி என்று இறங்கிப் போவது பெரும்பாலும் இந்தத் தாளில்தான்.

இதில் ஒரு பாடத்தின் புள்ளி மட்டும் போகவில்லை. வரைகலை, உள்ளரங்க வடிவமைப்பு, கட்டடக்கலை, அனிமேஷன் என்று படிக்க நினைக்கிற பிள்ளைக்குச் செனியில் நல்ல தேர்ச்சி ஒரு பலம். தன் திறமைக்குக் கையில் இருக்கிற ஒரே சான்றிதழிலும் சி என்று இருந்தால், நேர்முகத் தேர்வில் பேசும்போதே குரல் தாழ்ந்து விடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் வகுப்பில் விடைத்தாள்களைப் பார்த்தபோது புள்ளி மூன்று இடங்களில்தான் ஒழுகுகிறது. ஒன்று, கலைச்சொல் தெரியாதது. இரண்டு, பார்த்ததை எழுத்தில் சொல்லத் தெரியாதது. மூன்று, கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்காமல் எழுதுவது. மூன்றையும் ஒவ்வொன்றாக அடைப்போம்.

1. முதலில் சொற்கள்

தமிழ்ப்பள்ளியில் கோடு, வண்ணம், வடிவம் என்று படித்து வந்தோம். இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாயில் வருகிறது. பொருள் தெரிந்த பிள்ளைக்கும் சொல் தெரியாமல் போகிறது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் மலாய்ச் சொல், இரண்டாவதில் தமிழ்ப் பொருள், மூன்றாவதில் ‘நான் இதை எங்கே பார்த்தேன்’. மூன்றாவது பத்திதான் முக்கியம். கண்ணால் பார்த்த இடத்தோடு சேர்த்து வைத்த சொல் தேர்வு அறையில் மறக்காது.

கலைக் கூறுகள் ஆறு: கரிசான், ரூபா, பெந்துக், ஜாலினான், ருவாங், வார்னா.

கரிசான் என்றால் கோடு. ரூபா தட்டையான உருவம். நீளமும் அகலமும் மட்டும் உண்டு. பெந்துக் கனமான வடிவம்; ஆழமும் உண்டு. தாளில் வரைந்த வட்டம் ரூபா, கையில் பிடித்த தேங்காய் பெந்துக். இந்த இரண்டையும் மாற்றி எழுதித்தான் பல பிள்ளைகள் புள்ளியை விடுகிறார்கள். ஜாலினான் மேற்பரப்பின் தன்மை. தொட்டு உணர்வது ஜாலினான் செந்துஹ்; கண்ணுக்கு மட்டும் சொரசொரப்பாகத் தெரிவது ஜாலினான் தம்பாக். கோயில் கருங்கல் தூணைத் தடவினால் முதல் வகை. அதே தூணைப் பென்சிலில் நிழல் போட்டு வரைந்தால் இரண்டாம் வகை. ருவாங் என்றால் வெளி, இடம். வார்னா உங்களுக்கே தெரியும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ரூபா நம்ம ரூபம். வார்னா நம்ம வர்ணம். சிற்பத்துக்கு மலாயில் ஆர்ச்சா. அது நம் கோயிலில் சொல்கிற அர்ச்சை. சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கும் வந்த சொற்கள், மலாய்க்கும் போன சொற்கள். இந்தப் பாடம் நமக்கு அந்நியம் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

அடுத்து, வடிவமைப்புக் கோட்பாடுகள் ஏழு. இவற்றை வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட, தினம் பார்க்கிற ஒரு பொருளோடு கட்டி வையுங்கள்.

ஹார்மோனி, இசைவு: வளைந்த கோடுகளை மட்டும் வைத்துப் போட்ட சிக்குக் கோலம். எதுவும் உறுத்தாது.

பெனெகாசான், அழுத்தம்: இருண்ட கருவறையில் ஒரு தீபம். கண் நேரே அங்கேதான் போகும்.

இம்பாங்கான், சமநிலை: கோயில் கோபுரத்தை நடுவில் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. அது சிமெத்ரி. நடராஜர் சிலை அப்படி இல்லை, ஆனாலும் சாயவில்லை. அது சிமெத்ரி அல்லாத சமநிலை.

கொந்த்ரா, முரண்: கறுத்த தார்ச்சாலை ஓரத்தில் வெள்ளை மாக்கோலம்.

ரித்மா டான் பெர்கெராகான், சந்தமும் அசைவும்: பந்தலில் வரிசையாகத் தொங்கும் தென்னங்குருத்துத் தோரணம். ஒரே வடிவம், ஒரே இடைவெளி, திரும்பத் திரும்ப.

கெபெல்பகாயான், பல்வகைமை: ஒரே கோபுரத்தில் நிற்கிற, அமர்ந்த, ஆடுகிற சுதைச் சிற்பங்கள்.

கெசாத்துவான், ஒருமை: மயிற்பீலி, மணி, பூ, வேல் என்று எத்தனை பொருள் இருந்தாலும் பார்ப்பவருக்கு அது ஒரே காவடி.

கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் உள்ள, 1873-இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் ஐந்து நிலை இராஜகோபுரத்தின் முன் பத்து நிமிடம் நின்றால், இந்த ஏழையும் அங்கேயே எண்ணி விடலாம். கிள்ளான் பிள்ளைகளுக்கு நம்ம ஸ்ரீ சுந்தரராஜ பெருமாள் ஆலயம் போதும்.

2. வண்ணத்தைச் சேலையில் படியுங்கள்

சிவப்பு, மஞ்சள், நீலம் முதல்நிலை வண்ணங்கள், மலாயில் ப்ரிமெர். இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. இவை செகுண்டெர். முதல்நிலையையும் இரண்டாம் நிலையையும் கலந்தால் தெர்தியெர். இதுவரை எல்லாருக்கும் தெரியும். புள்ளி போவது இதற்கு அப்புறம்.

வண்ணச் சக்கரத்தில் நேர் எதிரே இருப்பவை பெங்கெனாப், நிரப்பு வண்ணங்கள். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். அரக்குக் கரை போட்ட பச்சைப் பட்டுச் சேலை ஏன் அவ்வளவு எடுப்பாக இருக்கிறது? நெய்தவர் சக்கரத்தைப் பார்த்து நெய்யவில்லை. ஆனால் விதி அதுதான். சக்கரத்தில் அடுத்தடுத்து இருக்கிற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு சேர்ந்தால் இசைவு; சாமந்தி, கனகாம்பரம், ரோஜா சேர்த்துக் கட்டிய மாலை மாதிரி. ஒரே வண்ணத்தை வெளுப்பாகவும் கறுப்பாகவும் மாற்றிப் பயன்படுத்தினால் மொனோக்ரோம்.

தீபாவளிக்கு முன்னால் தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடைக் கண்ணாடி முன் நின்று பத்துச் சேலையைப் பாருங்கள். இது நிரப்பு, இது இசைவு, இது மொனோக்ரோம் என்று பிரித்துச் சொல்லுங்கள். அம்மாவோடு கடைக்குப் போன நேரமும் வீணாகாது.

அந்தச் சாலைக் கடைகளின் முன்னால் ஓடுகிற ஐந்தடி நடைபாதை, காக்கி லிமா, இன்னொரு பாடமும் சொல்லித் தரும். ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். தூண்கள் போகப் போகச் சின்னதாகி, தரைக்கோடும் கூரைக்கோடும் ஒரு புள்ளியில் சேர்கிற மாதிரி தெரியும். அதுதான் ஒரு புள்ளிப் பெர்ஸ்பெக்திஃப். கட்டடத்தின் மூலையைப் பார்த்து நின்றால் கோடுகள் இரண்டு பக்கமும் ஓடும். அது இரண்டு புள்ளி.

3. பார்த்ததை எழுதுவதற்கு நாலு படி

ஒரு படைப்பின் படத்தைக் கொடுத்து விமர்சிக்கச் சொன்னால், "மிகவும் அழகாக இருக்கிறது, வண்ணமயமாக இருக்கிறது" என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து விடுகிறார்கள். அழகு என்ற சொல்லுக்குப் புள்ளி கிடையாது. ஏன் அழகு என்பதற்குத்தான் புள்ளி.

அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் வகுத்த நாலு படிகள் இதற்குக் கைகொடுக்கும். உலகம் முழுவதும் பள்ளிகளில் பயன்படுத்துகிற முறை இது. டெஸ்க்ரிப்சி, அனாலிசிஸ், இந்தெர்ப்ரெதாசி, பெர்திம்பாங்கான். தமிழில் சொன்னால்: கண்டது, கட்டமைப்பு, கருத்து, கணிப்பு. நாலும் ‘க’வில் ஆரம்பிக்கிறது, மறக்காது.

நமக்கு நன்றாகத் தெரிந்த சோழர் கால வெண்கல நடராஜரை வைத்துச் செய்து பார்ப்போம்.

கண்டது: கண்ணுக்குத் தெரிவதை மட்டும். வெண்கலச் சிற்பம். நான்கு கைகள். வலக்கால் முயலகன் மேல் ஊன்றியிருக்கிறது, இடக்கால் குறுக்கே தூக்கியிருக்கிறது. மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் தீ. சுற்றிலும் சுடர்கள் பதித்த வளையம். சடை இரு பக்கமும் விரிந்து பறக்கிறது. இந்தப் படியில் பக்தியும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம்.

கட்டமைப்பு: கூறுகளும் கோட்பாடுகளும் எப்படி வேலை செய்கின்றன? உடல் எடை ஒரே காலில். தூக்கிய இடக்கால் ஒரு பக்கம் இழுக்க, விரிந்த கைகளும் சடையும் மறுபக்கம் ஈடு செய்கின்றன. ஆகவே சிமெத்ரி இல்லாத சமநிலை. வளையத்துச் சுடர்கள் ஒரே இடைவெளியில் வருவதால் ரித்மா. கைகளுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம், ருவாங், உருவம் அசைகிற உணர்வைத் தருகிறது. வட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைப்பதால் கெசாத்துவான்.

கருத்து: உடுக்கை படைத்தல், அபயக்கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். சைவ சித்தாந்தம் சொல்லும் ஐந்தொழில். தேவாரம் ஓதுற பிள்ளைக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை.

கணிப்பு: வெற்றி பெற்ற படைப்பா? ஏன்? அசையாத உலோகத்தில் அசைவைக் காட்டியதாலும், ஆழமான ஒரு தத்துவத்தை ஒரே உருவத்துக்குள் அடக்கியதாலும் இது உயர்ந்த படைப்பு என்று காரணத்தோடு முடிக்க வேண்டும்.

இந்தக் கணிப்பு நம் வீட்டுப் பெருமை மட்டும் இல்லை. 1877-இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சிவ நடனம் பற்றிய தம் கட்டுரையைத் தலைப்பாகக் கொண்ட நூலை 1918-இல் வெளியிட்டார். மேற்கு நாட்டுக் கலையறிஞர்கள் நடராஜரைப் புரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த எழுத்தின் வழியாகத்தான். பிரெஞ்சுச் சிற்பி ரோடான், சிலையின் புகைப்படங்களைப் பார்த்து எழுதிய குறிப்பு அவர் மறைவுக்குப் பின் 1921-இல் அச்சானது. அவர் சைவர் இல்லை. உருவத்தை மட்டும் பார்த்தே வியந்தார். கண்டது, கட்டமைப்பு என்ற முதல் இரண்டு படிகளின் வலிமை அது.

ஒரு எச்சரிக்கை. தேர்வில் வருவது நடராஜராக இருக்காது. ஒரு பாத்தேக் துணியோ, மாமேரி முகமூடியோ, மலேசிய ஓவியர் ஒருவரின் படமோ வரும். நம் சிலையை எவ்வளவு பொறுமையாகப் பார்த்தோமோ, அதே பொறுமையோடு அதையும் பாருங்கள்.

4. கைவினை: எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பிடியுங்கள்

பாரம்பரியக் கைவினைப் பகுதியில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதி புள்ளிதான். பொருள், கருவி, செய்முறை, வடிவக்கூறு என்ற நாலும் தெரிய வேண்டும். நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டால் செய்முறை தானாக நினைவில் நிற்கும்.

பாத்தேக்கையும் சுவாமிமலை வெண்கலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மெழுகுதான் நாயகன். பாத்தேக்கில் சந்திங் என்ற கருவியாலோ உலோக அச்சாலோ துணியில் உருகிய மெழுகை இடுவார்கள். சாயம் போடும்போது மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது. பிறகு கொதிநீரில் மெழுகை நீக்குவார்கள். வெண்கல வார்ப்பில் முதலில் மெழுகிலேயே சிலை செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்தக் காலி இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலை. ஒன்றில் மெழுகு இடத்தைக் காக்கிறது. மற்றதில் மெழுகு இடத்தை விட்டுக் கொடுக்கிறது. இப்படிப் படித்தால் மறக்குமா?

சொங்கெட் துணியையும் காஞ்சிப் பட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் தறியில் நெய்யும்போதே பொன்னிற இழையைக் கூடுதலாகச் சேர்த்துப் பூ எடுக்கிறார்கள். மேலே தைப்பது இல்லை. மலேசியாவின் சொங்கெட்டை யுனெஸ்கோ 2021-இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சொங்கெட்டில் வரிசையாக நிற்கிற முக்கோணம் புச்சுக் ரெபோங், மூங்கில் குருத்து. நம் சேலையின் கோபுரக் கரையிலும் முக்கோண வரிசைதான். அங்கே பொருள் மூங்கில், இங்கே பொருள் கோபுரம். கோட்பாடு ஒன்றே, ரித்மா.

லாபு சாயோங் பேராக் கோலகங்சார் பக்கம் சாயோங்கில் செய்கிற மண் குடம். சுட்ட சூட்டோடு நெல் உமியில் புதைத்து எடுப்பதால் கறுப்பாகிறது. தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும். நம் மண்பானை போலத்தான். வாவ் புலான் கிளந்தானில் பேர்பெற்ற பட்டம். அடிப்பகுதி பிறைநிலா வடிவம்.

கிள்ளான் பிள்ளைகளுக்கு இன்னொரு செல்வம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரித் தீவில் வாழும் பூர்வகுடி மக்களான மாமேரிகள் தங்கள் மூதாதை ஆவிகளை, மோயாங்குகளை, முகமூடியாகவும் சிற்பமாகவும் நீரே பாத்து மரத்தில் செதுக்குகிறார்கள். முன்னோரை வணங்கும் நாளில் அந்த முகமூடிகளோடு ஆடுகிறார்கள். நம்ம குலதெய்வ வழிபாடு தெரிந்த பிள்ளைக்கு அதன் கருத்து எளிதில் புரியும். வெறும் அலங்காரப் பொருள் என்று எழுதி விடாதீர்கள்.

5. மலேசியக் கலை வரலாறு: ஆணி அடித்து மாட்டுங்கள்

ஆண்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சில ஆணிகள் போதும். மற்றதை அதில் மாட்டலாம்.

1952: பீட்டர் ஹாரிஸ் கோலாலம்பூரில் புதன்கிழமைக் கலைக்குழுவைத் தொடங்கினார்.

1956: முகமது ஹுசைன் ஏனாஸ் முன்னின்று தீபகற்ப ஓவியர் அணியை, அங்காத்தான் பெலுக்கிஸ் செமெனாஞ்சோங்கை, தொடங்கினார். இவர் மனித உருவ ஓவியத்தில் பேர்பெற்றவர்.

1958: தேசியக் கலைக்கூடம், பாலாய் செனி நெகாரா. சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டே.

1950-களில் பினாங்கின் சுவா தியென் தெங் உடுத்துகிற துணியின் நுட்பமான பாத்தேக்கைச் சுவரில் மாட்டும் ஓவியமாக்கினார். 1960-களில் லத்திப் மொஹிடின், பெர்லினில் படித்த காலத்தில் தொடங்கிய பாகோ-பாகோ வரிசையில், நம் மண்ணின் செடிகொடி வடிவங்களையும் பகோடா கோபுர வடிவங்களையும் கலந்தார். 1974-இல் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஏசாவும் நடத்திய கண்காட்சி, கலை என்றால் அழகான பொருள் மட்டுமா என்ற கேள்வியை எழுப்பியது.

ஒவ்வொரு கலைஞருக்கும் மூன்றே குறிப்பு எழுதுங்கள்: எந்த ஊடகம், எந்தக் கருப்பொருள், என்ன புதுமை. நாலாவது குறிப்பு தேவைப்படாது.

இந்த வரலாற்றில் நம்மவர்கள் எங்கே என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. சையத் தாஜுதீன் 1943-இல் தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு கலைக் கல்லூரியில் படித்தவர். முஸ்லிம் குடும்பத்தில் வந்த அவர் 1970-களின் தொடக்கத்தில் இராமாயணக் காட்சிகளை ஓவியமாக்கினார். அனுரேந்திர ஜெகதேவா இன்றும் மலேசிய இந்தியர் வாழ்க்கையைத் தம் ஓவியங்களில் காட்டி வருகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மலேசிய நவீனக் கலைஞர்களைப் பற்றிய முக்கியமான ஆய்வு நூலை பியதாசாவோடு சேர்ந்து 1983-இல் எழுதியவர் டி.கே. சபாபதி, சிங்கப்பூர்த் தமிழர். வரைந்தவர்களில் மட்டுமல்ல, எழுதியவர்களிலும் நாம் இருக்கிறோம். எழுத்துத் தாள் நமக்கு வராது என்று யார் சொன்னது?

6. கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள்

விடை எழுதும் முன் கேள்வியில் உள்ள ஏவல் சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள்.

ஞாதாகான்: கூறு. ஒரு சொல், ஒரு தொடர் போதும். இங்கே கதை எழுதி நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

தெராங்கான், ஜெலாஸ்கான்: விளக்கு. கருத்தும் காரணமும் வேண்டும்.

ஹுராய்கான்: விரித்து எழுது. கருத்து, காரணம், எடுத்துக்காட்டு மூன்றும் வேண்டும்.

பண்டிங்கான்: ஒப்பிடு. இரண்டைப் பற்றியும் ஒரே அம்சத்தில் எழுத வேண்டும். முதலாவதின் ஊடகத்தை எழுதினால் இரண்டாவதின் ஊடகத்தையும் எழுதுங்கள். ஒன்றின் வண்ணத்தையும் மற்றதின் வரலாற்றையும் எழுதினால் அது ஒப்பீடு இல்லை.

விளக்க விடைக்கு என் வகுப்பில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன்: என்ன, எங்கே, அதனால். ஒரு பாத்தேக் சாரோங் படத்தில் உள்ள கோட்பாட்டை விளக்கு என்று கேள்வி.

பலவீனமான விடை: "இந்தச் சாரோங்கில் ரித்மா உள்ளது. பார்க்க அழகாக இருக்கிறது."

நல்ல விடை: "இந்தச் சாரோங்கில் ரித்மா உள்ளது. உடல்பகுதியில் ஒரே பூ வடிவம் சம இடைவெளியில் திரும்ப வருகிறது. அதனால் பார்ப்பவரின் கண் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தொடர்ந்து நகர்கிறது."

ஒரே ஒரு வரிதான் கூடுதல். ஆனால் முதல் விடை எந்தத் துணிக்கும் பொருந்தும். இரண்டாவது இந்தத் துணிக்கு மட்டும் பொருந்தும். திருத்துபவருக்கு நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள் என்பது தெரிந்துவிடும். இதை மலாயில் எழுதிப் பழக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தமிழில் யோசியுங்கள், மூன்றுபத்தி நோட்டைப் பார்த்து மலாயில் எழுதுங்கள், மலாய் ஆசிரியரிடம் ஒருமுறை காட்டித் திருத்துங்கள். கேள்வித்தாளின் அமைப்பு அவ்வப்போது மாறும். பழைய தாளை நம்பி உட்காராமல் இந்த ஆண்டின் அமைப்பைச் செனி ஆசிரியரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

7. நம் முன்னோர் இதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள்

கலைக் கோட்பாடு என்பது மேலை நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் சித்திரசூத்திரம் என்றொரு பகுதி உண்டு. சிலை செய்வதைச் சொல்லித் தரும்படி வஜ்ரன் என்ற அரசன் மார்க்கண்டேய முனிவரிடம் கேட்கிறான். அதற்கு ஓவியம் தெரிய வேண்டும் என்கிறார் முனிவர். ஓவியத்துக்கு நடனம், நடனத்துக்கு வாத்தியம், வாத்தியத்துக்கு வாய்ப்பாட்டு என்று படி இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு படத்தில் ஒருவர் கோட்டையும், ஒருவர் ஒளிநிழலையும், ஒருவர் அணிகலனையும், ஒருவர் வண்ணச் செழிப்பையும் ரசிப்பார்கள் என்ற கருத்தும் அதில் இருக்கிறது. கரிசான், வார்னா என்று இன்று நாம் பிரிப்பதற்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்!

யசோதரர் எழுதிய உரையில் ஓவியத்தின் ஆறு அங்கங்கள் வருகின்றன: உருவ வேறுபாடு, அளவு, பாவம், அழகு சேர்த்தல், ஒத்திருத்தல், வண்ணக் கலவை. தமிழ்நாட்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் பூண்டான். தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பல நூறு ஆண்டு எத்தனை பேர் அந்தச் சுவரைக் கடந்து போயிருப்பார்கள்! உற்றுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வந்தபோதுதான் அது தெரிந்தது.

இது நமக்கும் பொருந்துகிற விஷயம். இங்கே கோயில் திருப்பணி நடக்கும்போது பழைய சுதை உருவத்தின் மேல் பளபளக்கும் பெயிண்ட் அடித்து நுணுக்கம் எல்லாம் மூடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஸ்தபதியிடம் "இந்தப் பழைய உருவத்தை இப்படியே வைக்கலாமா?" என்று கேட்க, ஆலய நிர்வாகத்துக்குக் காரணத்தோடு எடுத்துச் சொல்ல, படித்த இளைஞர் ஒருவர் வேண்டும். ‘கண்டது, கட்டமைப்பு, கருத்து, கணிப்பு’ தெரிந்த பிள்ளைதான் அந்தப் பேச்சைப் பேச முடியும். செனி எழுத்துத் தாள் அங்கேயும் உதவும்.

8. எட்டு வாரத் திட்டம்

வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாற்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல் தேவையில்லை.

முதல் இரண்டு வாரம்: கூறுகள் ஆறு, கோட்பாடுகள் ஏழு, வண்ணம். மூன்றுபத்தி நோட்டை நிரப்புங்கள்.

மூன்று, நான்காம் வாரம்: கைவினை. நாளுக்கு ஒரு பொருள். பொருள், கருவி, செய்முறை, வடிவக்கூறு.

ஐந்தாம் வாரம்: கலை வரலாற்று ஆணிகள், கலைஞருக்கு மூன்று குறிப்பு.

ஆறாம் வாரம்: வெளியே போங்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து மோனோரெயிலில் தித்திவங்சா போய், தேசியக் கலைக்கூடத்தில் மூன்றே படைப்பைத் தேர்ந்தெடுத்து நாலு படியில் எழுதுங்கள். முப்பது படைப்பைப் பார்த்து ஓடாதீர்கள். திரும்பும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி, 2015-இல் திறந்த தோரண வாயிலைப் பாருங்கள். அது சாஞ்சித் தோரணத்தின் சாயலில் அமைந்தது. கோலாலம்பூர் போக முடியாதவர்களுக்கு நம்ம கிள்ளான் அரச கலைக்கூடம் இருக்கிறது. ஏ.பி. ஹப்பாக் வடிவமைத்து 1909-இல் எழுந்த அந்தக் கட்டடமே சமநிலைக்கு ஒரு பாடம்.

ஏழாம், எட்டாம் வாரம்: நேரம் வைத்து எழுதுங்கள். எழுதியதை நண்பரோடு மாற்றித் திருத்துங்கள். ஒவ்வொரு விளக்க விடையிலும் ‘என்ன, எங்கே, அதனால்’ மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேவார வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம், படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளை உட்கார வைத்து, கோயிலில் உள்ள ஒரே ஒரு சிற்பத்தை நாலு படியில் பேச வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை. பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். "படம் வரைஞ்சா சோறு போடுமா"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, பிள்ளை எழுதிய ஒரு விமர்சனத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். கவனமாகப் பார்ப்பதும், பார்த்ததைக் காரணத்தோடு சொல்வதும் எந்த வேலைக்கும் வேண்டியதுதான்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பூஜை அறையில் உள்ள ஒரு பொருளில் காணும் இரண்டு கலைக் கூறுகளைக் கூறுக. (ஞாதாகான்)

2. பத்துமலையில் 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலையில் பெனெகாசான் எவ்வாறு அமைந்துள்ளது? விளக்குக. (தெராங்கான்) குறிப்பு: உயரம், வண்ணம், பின்னால் இருக்கிற குன்று மூன்றையும் யோசியுங்கள்.

3. பாத்தேக்கையும் சொங்கெட்டையும் ஊடகம், செய்முறை என்ற இரண்டு அம்சங்களில் ஒப்பிடுக. (பண்டிங்கான்)

4. மாமேரி முகமூடி ஒன்றின் படத்தைத் தேடி எடுத்து நாலு படியில் ஒரு பக்கம் எழுதுக. (ஹுராய்கான்)

மலாயில் எழுதுங்கள். எழுதியதில் ‘அழகு’ என்ற சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். வந்த ஒவ்வொரு இடத்திலும் அதை அடித்துவிட்டு, ஏன் என்று எழுதுங்கள்.